இருபத்தேழு இஞ்ச் மானிட்டருக்குக் கயிறு கட்டிய விவரம்

சீத்தா கேம்ப், ட்ராம்பே,
மும்பை.
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சம்பந்தி சொரிமுத்து அவர்களுக்கு, தாராவி பிரம்மநாயகம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. பாபநாசநாதர் புண்ணியத்தில் தாங்களும் மதினியும் அம்பாசமுத்திரத்தில் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டுகிறேன். இங்கே நான், என் மனைவி முப்பிடாதி, தங்கள் மருமகள் முத்துமாரி, அவள் வயிற்றில் வளரும் தங்கள் பேரப்பிள்ளை ஆகிய நால்வரும் சுகம். நால்வரும் ஒரே வீட்டில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. நான் மூன்று நாளைக்கு இங்கே என் பழைய சகா முகம்மது ஹனீப் வீட்டில் தங்கியிருக்கிறேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று யாராவது தங்கள் காதில் ஓதியிருந்தால் நம்ப வேண்டாம். சண்டை நடந்தது உண்மை. ஆனால் நான் வந்தது அதற்காக அல்ல.

புதன்கிழமை தாங்கள் அனுப்பிய குரல் செய்தியைப் பதினோரு முறை கேட்டேன். "வீட்டுக்குள்ள அணுகுண்ட வச்சிக்கிட்டு புள்ளத்தாச்சிய பக்கத்துல உக்கார வச்சிருக்கீயளாம்லா? ஞாயித்துக்கெழம வண்டி ஏறுதோம். மருமவள கூட்டிட்டு வந்துருவோம். அந்த வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இப்பமே எழுதிக் குடுத்துரச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஒன்பது முறை போன் செய்தேன், ஒன்பது முறையும் தாங்கள் கட் செய்தீர்கள். நான் எழுதி அனுப்பியவற்றுக்கு மட்டும் நீலக் கோடு விழுகிறது. பேச மாட்டீர்கள், ஆனால் படிப்பீர்கள் என்று புரிந்துகொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஹனீபின் மகள் சைனப் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துத் தங்கள் போனுக்கு அனுப்புவாள். பக்க எண் போட்டிருக்கிறேன். தயவுசெய்து வரிசையாகப் படிக்கவும். நடுவிலிருந்து படித்தால் என் மேல் தங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பூனாவில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடிந்து, முத்துமாரியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தாதர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது தாங்கள் என் தோளைப் பிடித்து, "சம்மந்தி, பிரசவம் ஆவுத மட்டும் புள்ளைய கம்ப்யூட்டர் முன்னால உக்கார விடாதீய, அதுலருந்து கதிர் வருதுன்னு சொல்லுதாவ" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது, அப்போது என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். வீட்டுக்கு வந்து முத்துமாரியிடம் சொன்னதற்கு அவள், "அரே அப்பா, லீவே பிரசவத்துக்கு அப்புறம்தான் எடுக்கணும், இப்பவே எடுத்தா அப்ப என்ன பண்றது?" என்றாள். நியாயமாகப் பட்டது. அவள் வேலை என்ன என்று தங்களுக்கு முழுதாகத் தெரியுமோ என்னவோ. ஆன்லைனில் சாமான் வாங்கி ஏமாந்தவர்களுக்குச் சமாதானம் எழுதுவது. குக்கர் வந்தது, மூடி வரவில்லை என்று ஒருவர் எழுதினால், தங்கள் மன வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று இவள் எழுத வேண்டும். பிறத்தியார் கோபத்தைப் பொறுமையாக வாங்கிக்கொள்ளும் வேலை. என்னோடு இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. எங்கள் குலத்தில் வெயிலில் நிற்காமல் சம்பாதிக்கிற முதல் ஆள் அவள்தான் சம்பந்தி. அவள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கப் பிடிக்கும். அதனால்தான் தங்களிடம் ஆட்டிய தலையை நான் மறந்துவிட்டேன்.

கம்பெனி கொடுத்த லேப்டாப் சின்னது. எட்டாம் மாதத்தில் குனிந்து குனிந்து அதைப் பார்த்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நைன்டி ஃபீட் ரோட்டில் ராஹில் என்பவர் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு மானிட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கே போய் இருபத்தேழு இஞ்சில் ஒரு மானிட்டர் வாங்கினேன். "அங்கிள், ஏக்தம் பாரின் மால், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க பொண்ணு சினிமா மாதிரி பாக்கலாம்" என்றார் ராஹில். பெட்டியின் மேல் ஒரு கம்பெனிப் பெயரும் மானிட்டரின் முதுகில் இன்னொரு பெயரும் இருந்தன. கேட்டதற்கு, "ரெண்டு கம்பெனியும் அண்ணன் தம்பி" என்றார். குடும்ப விஷயத்தில் நான் தலையிடவில்லை.

ஒரு வாரம் சுகமாகப் போனது. எட்டாவது நாள் தூசி துடைக்கும்போது முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். நம் நாட்டில் மானிட்டர் விற்க வேண்டுமென்றால் அரசாங்கத்தில் பதிவு செய்து, தர முத்திரையும் பதிவு எண்ணும் அதன் மேல் போட வேண்டும் என்பது சட்டம். இதிலும் முத்திரை இருந்தது, எண்ணும் இருந்தது. ஆனால் நகத்தால் லேசாகத் தொட்டதும் ஸ்டிக்கர் அப்பளம் போல எழும்பி வந்துவிட்டது. முத்துமாரியின் போனில் அரசாங்கத்தின் செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அது பவர் பேங்க் செய்கிற வேறு ஏதோ ஒரு கம்பெனியின் எண் என்று வந்தது. இதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்பதற்கு என் தொழிலைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும்.

நான் முப்பத்தோரு வருடம் மாஹுல் பக்கம் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தவன். குழாயை வெல்டிங் வைத்த பிறகு உள்ளே விரிசல் இருக்கிறதா என்று படம் எடுப்பார்கள். அதற்குக் கதிரியக்கச் சரக்கு ஒன்றை ஈயப் பெட்டியில் கொண்டுவருவார்கள். ஹனீபுக்கு அதுதான் வேலை. பெட்டியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புக் கொடி தொங்கவிட்டு, விசில் ஊதுவான். விசில் கேட்டால் கயிற்றுக்கு உள்ளே இருப்பவன் சாப்பாட்டுத் தூக்கைக்கூட விட்டுவிட்டு ஓட வேண்டும். தூரம், நேரம், மறைப்பு என்று மூன்று பாடம். தள்ளி நில், கொஞ்ச நேரமே நில், நடுவில் கனமாக எதையாவது வை. பெட்டியின் மேல் சீட்டு சரியில்லை என்றால் அன்றைக்கு வேலையே கிடையாது, எல்லாரும் வெளியே. முப்பத்தோரு வருடம் இந்தப் பழக்கத்தில் ஊறியவன் வீட்டில் சீட்டு சரியில்லாத ஒரு பெட்டி இருந்தால் அவன் என்ன செய்வான் என்று தாங்களே சொல்லுங்கள்.

கயிறு கட்டினேன். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு என்பதைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். மானிட்டரைச் சுற்றி ஒன்றரை மீட்டர் விட்டுக் கயிறு கட்டினால் மீதி இருப்பது அடுப்பும் வாசலும்தான். முப்பிடாதியின் சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கொடி கட்டினேன், அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. முத்துமாரியைக் கயிற்றுக்கு வெளியே வாசல் பக்கம் உட்கார வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னேன். பெரிதாக்கினால் ஒரு வரிக்கு ஒரு வார்த்தைதான் தெரிந்தது. ஒருவர் மிக்க நன்றி என்று எழுதியதை மிக்க வரை மட்டும் படித்துவிட்டு, தங்கள் மன வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று இவள் பதில் போட்டுவிட்டாள். மறைப்புக்காக மானிட்டருக்கு முன்னால் ரேஷன் அரிசி மூட்டையை நிறுத்தினேன். முப்பிடாதி தினமும் அதிலிருந்து ஒரு படி எடுத்து உலை வைத்ததில் மறைப்பு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. "சோறு வேணுமா, மறைப்பு வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள். மானிட்டர் ஒயர் ஆடினால் கதிர் கூடுமோ என்று நான் மட்டும் கயிற்றுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு மானிட்டர் பக்கத்தில் காவல் இருந்தேன். வயதானவனுக்கு ஏதாவது வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இப்படிப் பத்து நாள் போயிற்று. கருவி வைத்து அளந்து பார்க்காமல் மனம் ஆறாது என்று ஹனீபுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் ரிட்டயர் ஆனபோது ஆசையாகச் சோப்புப் பெட்டி அளவில் கதிரை அளக்கும் ஒரு மீட்டரைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டவன். இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு சயான் பக்கம் ஒரு வேலை இருந்தது. வீட்டில் ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனேன். அது என்ன வேலை என்பதை இடம் வரும்போது சொல்கிறேன், தயவுசெய்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஹனீப் வந்துவிட்டான். வாசலில் நின்று மீட்டரைத் தட்டினான். டிக், டிக் என்று நிதானமாக அடித்தது. "இது எல்லா எடத்துலயும் இருக்கறதுதான் நாயகண்ணே, மண்ணுல இருந்து வரும்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைத் தாண்டி மானிட்டர் பக்கம், அதாவது என் பக்கம், வந்தான். மீட்டர் அலறத் தொடங்கிவிட்டது.

ஹனீபின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவன் முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை. மானிட்டரை ஆஃப் செய்யச் சொன்னான். செய்தேன். அலறல் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. "அண்ணே, எக்ஸ்ரே மாதிரி கரண்ட்ல வர்றதா இருந்தா ஆஃப் பண்ணதும் நிக்கணும். இது நிக்கல. அப்ப சரக்கு உள்ள இருக்கு. பழைய இரும்ப உருக்கி ஸ்டாண்ட் பண்ணும்போது எதையோ சேத்துட்டாங்க போல" என்றான். பேச்சு சுத்தமாகத் தர்க்கத்தோடு இருந்தது. முப்பிடாதி, "எம் புள்ள, எம் புள்ள" என்று முத்துமாரியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்துதான் யாரோ வீடியோ எடுத்து, அது தங்கள் தெரு வரைக்கும் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு இருந்த பயத்தை எழுதிக் காட்ட முடியாது. வாங்கி வந்து வைத்தது நான்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு ராஹில் கடைக்குப் போனேன். முதல் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன், அலறியது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, மேல்தட்டில் இருந்த மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் அலறியது. ராஹில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸுக்கும் அலறியது. "அரே அங்கிள், சாய் கிளாஸ் பாரின் மால் இல்ல, பக்கத்துக் கடை கிளாஸ்!" என்று அவர் கத்தினார். அந்த நேரத்தில் ஒரு மனிதன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. சரக்கிலிருந்து கிளாஸுக்குத் தொற்றிவிட்டது, கிளாஸிலிருந்து டீக்கடைக்குப் போகும், டீக்கடையிலிருந்து தாராவி முழுக்கப் போகும் என்று முடிவு கட்டி, பையிலிருந்து கயிற்றை எடுத்து ராஹில் கடை வாசலை மறித்துக் கட்டி, விசிலும் ஊதினேன். கூட்டம் கூடிவிட்டது. ராஹில் ஷட்டரை இறக்கிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு மேல் தெருவில் இருக்கும் தன் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். பதினைந்து வருடமாக அங்கே கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலம்தான் தங்கள் குரல் செய்தி வந்தது.

வியாழக்கிழமை காலை, கதிரியக்கப் பாதுகாப்பைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு முத்துமாரி போன் போட்டுக் கொடுத்தாள். எல்லாரும் கேட்க வேண்டும் என்று நானே ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். சம்பந்தி, என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இந்த ஸ்பீக்கரை முதலில் வைக்கிறேன். வந்தனா என்று ஒரு அதிகாரி பேசினார். மராத்திக்காரர், என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டு நிதானமாக விவரம் கேட்டுக்கொண்டார். இப்போது வருகிற தட்டை மானிட்டரில் எக்ஸ்ரே வர வழியே இல்லை, முன்பு டிவிப் பெட்டி போல இருந்ததில்தான் குழாய் இருந்தது, அதிலும் வெளியே வராமல் தடுக்க ஈயம் கலந்த கண்ணாடி போட்டிருப்பார்கள் என்றார். ஆனால் இரும்பில் கலப்படம் என்பது எப்போதாவது நடக்கக்கூடியதுதான், அதனால் பார்த்துவிடுவோம் என்றும் சொன்னார். "காகா, மீட்டரை எடுத்துக்கொண்டு மானிட்டரை விட்டுத் தள்ளிப் போங்கள், சத்தம் குறைகிறதா?" என்றார். நான் சந்து முனை வரைக்கும் போனேன். "குறையவில்லை மேடம், என்கூடவே வருகிறது" என்று அங்கிருந்தே என் இந்தியில் கத்தினேன். "கூடவே வருகிறதா?" "ஆமாம் மேடம்." "இப்போது மீட்டரைத் தரையில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் தள்ளிப் போங்கள்" என்றார். வைத்துவிட்டு இருபது அடி நடந்தேன். டிக், டிக் என்று நிதானத்துக்கு வந்துவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு முத்துமாரி வாசலில், அவளுக்குப் பின்னால் கரண்டியோடு முப்பிடாதி, நாலு வீட்டு ஜனம். அப்போது அந்த அம்மாள் கேட்டார்: "காகா, சமீபத்தில் ஆஸ்பத்திரியில் ஏதாவது டெஸ்ட் செய்துகொண்டீர்களா?"

சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சயான் ரயில்வே பாலத்தில் ஏறும்போது இரண்டு மாதமாக எனக்கு மார்பு அடைப்பது போல இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கிற நேரத்தில் வீட்டில் சொல்ல மனம் வரவில்லை. டாக்டரிடம் போனேன், தாலியம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். தாலியம் என்பது டாக்டர் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இனிமேல் சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன், சாப்பிடலாம் என்றார்கள். அந்தத் தாளின் நகல் அன்றிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருந்தது. முத்துமாரி வாங்கி ஸ்பீக்கரில் வாசித்தாள். ஊசி மருந்து கதிரியக்கம் உள்ளது, சில நாட்களுக்குக் கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் விட்டு விலகி இருக்கவும் என்று இங்கிலீஷில் தெளிவாக அச்சடித்திருந்தது.

முப்பிடாதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ரேஷன் கார்டுன்னு சொல்லிட்டு நெஞ்சப் படம் புடிக்கப் போனீயளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கரண்டியால் ஒரு போடு போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முத்துமாரி அழவில்லை. வந்தனா மேடத்திடம், "மேம், பேபிக்கு ஒண்ணும் இல்லைல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த அம்மாள், எத்தனை அடி தூரத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, கவலைப்படும் அளவுக்கு எதுவும் இல்லை, மருந்தின் அளவு கொஞ்சம்தான், அது தானாகக் குறைந்துவிடும், ஆனாலும் காகா சில நாள் வேறு இடத்தில் இருக்கட்டும் என்றார். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடமும் அன்றே முப்பிடாதி கூட்டிப்போய்க் காட்டினாள், குழந்தை நன்றாக இருக்கிறது என்று அவரும் உறுதியாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் ஊசி போட்ட அன்றைக்கு நான் கயிற்றுக்கு உள்ளே, முத்துமாரி கயிற்றுக்கு வெளியே. அதற்குப் பிறகு அவள் பக்கத்து வீட்டில். கயிறு கட்டியது சரிதான் சம்பந்தி, உள்ளே இருந்தது யார் என்பதில்தான் கணக்குப் பிசகிவிட்டது.

அப்போ அந்தப் போலி முத்திரை என்று மேடத்திடம் விடாமல் கேட்டேன். கதிருக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் பதிவு இல்லாத சரக்கில் அடாப்டர் சூடாகித் தீப்பிடிக்கலாம், ஒயர் ஷாக் அடிக்கலாம், பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்று சொல்லி, எங்கே புகார் எழுத வேண்டும் என்பதையும் சொன்னார். நேற்று மத்தியானம் ராஹில் கடைக்குப் போய் வாசலிலேயே தள்ளி நின்று, கயிற்றை நானே அவிழ்த்து, அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அங்கிள், மூணு நாளா நீங்கதான் பாம், என் கடைய மூடிட்டீங்களே" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான், "அது இருக்கட்டும், அந்த ஸ்டிக்கர் எந்தப் பிரஸ்ஸில் அடித்தது?" என்று கேட்டேன். சரக்கு கொடுத்தவன்தான் ஒரு கட்டு ஸ்டிக்கரும் கொடுத்தான் என்று ஒப்புக்கொண்டு, பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு மானிட்டர் கொடுத்தார். அங்கேயே எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பெயரும் பொருளும் பொருந்தின. இனி ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார், இனி விசில் ஊத மாட்டேன் என்று நானும் செய்தேன்.

நேற்று சாயங்காலம் இங்கே வந்துவிட்டேன். ஸ்கேன் முடிவும் வந்துவிட்டது. ஒரு ரத்தக்குழாய் லேசாகச் சுருங்கியிருக்கிறது, மாத்திரையும் நடையும் போதும், அறுவை எதுவும் வேண்டாம் என்கிறார்கள். இவ்வளவும் எழுதியது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அல்ல. மானிட்டர் குற்றவாளி இல்லை, முத்துமாரி குற்றவாளி இல்லை, நான்தான் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் தாங்கள் மாப்பிள்ளை வீட்டார். தங்கள் சொல்லைத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு காற்றில் விட்டவன் நான். இனித் தங்கள் முகத்தைப் பார்த்து, அவள் வேலைக்குப் போகட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்றாம் தேதி முத்துமாரி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவாள். பிரசவம் மட்டும் இங்கேயே நடக்கட்டும், அவள் அம்மா கையால் பத்தியச் சாப்பாடு சாப்பிடட்டும், அதற்கு மட்டும் சம்மதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் ரயிலில் வந்து சிரமப்பட வேண்டாம். வேலையை விட வேண்டும் என்று காலையில் போனில் அவளிடம் சொன்னேன். ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள். கஷ்டமாக இருக்கிறது சம்பந்தி, மறைத்துப் பயனில்லை.

மாப்பிள்ளை சுடலைக்கண்ணனுக்குப் பூனாவுக்குத் தனியாகப் போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டேன், அவர் சிரித்தார். மதினிக்கு என் வணக்கத்தையும் முப்பிடாதியின் விசாரிப்பையும் சொல்லவும். தங்கள் வீட்டில் விளக்கு என்றும் குறையாமல் எரியட்டும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பிரம்மநாயகம்.

பின்குறிப்பு: சைனப் படம் எடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முத்துமாரிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது தாங்கள் அறிந்ததே. ராஜினாமா என்கிற இடம் வந்ததும், "அப்பா, அந்த வரிய அடிச்சிடுங்க" என்றாள். ஏன் என்றேன். மருமகள்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் சும்மா இருந்தாளாம். நான் சொல்லிவிடுகிறேன்.

வருகிற தை மாதம் திருநெல்வேலியில் மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் என்றும், "எம் மவன் கம்பெனி பாத்துக்கிடும்" என்றும் வளைகாப்புப் பந்தியில் தாங்கள் எல்லாரிடமும் சொன்னீர்கள். மாப்பிள்ளை கம்பெனியில் அப்படி ஒரு வசதி கிடையாது. தங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவரும் விட்டுவிட்டார் போலிருக்கிறது. பார்த்துக்கொள்ளப் போவது முத்துமாரியின் கம்பெனி. அங்கே மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார், யாராவது ஒரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி. போன வருடம் அவள் என்னிடம், "அப்பா, உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். நான் மார்பில் தட்டி, "எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். அவள் தங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் சயானில் வரிசையில் நின்றதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். அவள் முன்னால் போய்க் கல்லில் விரிசல் விழுந்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் பெயர் அதில் இல்லை என்று இன்று கேட்டதும் ஒரு நிமிடம் வருத்தமாக இருந்தது. அவள் செய்ததுதான் சரி என்று அடுத்த நிமிடமே தோன்றிவிட்டது.

அவள் ஒன்றாம் தேதி எழுதிக் கொடுத்தால் அன்றோடு மதினியின் முழங்காலும் முடிந்தது. ஆகவே மேலே ராஜினாமா பற்றி நான் எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். இத்தனை பக்கத்தையும் திருப்பி எழுதக் கை ஓடவில்லை. வர வேண்டாம் என்று எழுதியதையும் எழுதாததாகவே கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் தாராளமாக வண்டி ஏறுங்கள், நானே தாதருக்கு வருகிறேன். ஒன்று மட்டும். காலை ஒன்பதிலிருந்து ஆறு மணி வரை முத்துமாரிக்கு ட்யூட்டி, அந்த நேரத்தில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச முடியாது.